படுக்கையருகே ஒரு பள்ளி: நீரிழிவும் உறைவிட மருத்துவரும்

மருத்துவ வரலாற்றை எழுதுவோர், புதிய மருந்துகள் பிறந்த நாட்களைத் தவறாது குறித்து வைப்பர். அம்மருந்துகளைக் கையாள மருத்துவர்கள் எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்பதை எழுதியோர் சிலரே. ஆனால், மருந்து ஒன்று ஆய்வுகூடத்தில் கண்டுபிடிக்கப்படுவதற்கும் அதனால் நோயாளி ஒருவர் உயிர் பிழைப்பதற்கும் இடையே நீண்ட வழி ஒன்று கிடக்கின்றது. அவ்வழியைக் கடந்து மருந்தை நோயாளியிடம் கொண்டுசேர்ப்பவர் பெரும்பாலும் பெயர் வெளித்தெரியாத ஓர் இளம் மருத்துவரே. பட்டம் பெற்றபின் வைத்தியசாலையிலே இரவும் பகலும் பணியாற்றி, மூத்தோரின் கண்காணிப்பில் தொழில் பழகுபவரை உறைவிட மருத்துவர் என்பர். நீரிழிவையும், அதனோடு ஒரே குலத்தைச் சேர்ந்த ஏனைய சுரப்பி நோய்களையும் இனங்காணவும் தீர்க்கவும் இத்தகையோர் கற்ற வரலாறு, இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றுக்குச் சற்றும் குறைந்ததன்று.

1922ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11ஆம் நாள், கனடா நாட்டின் ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் சாகுந்தறுவாயில் கிடந்தான். நீரிழிவு அவனை உருக்கிவிட்டது. அவனுடைய நிறை 65 இறாத்தல் மாத்திரமே. பிரெடெறிக் பான்ரிங், சார்ல்ஸ் பெஸ்ற் என்னும் இருவர் விலங்கின் சதையியிலிருந்து வடித்தெடுத்த கலங்கிய சாறு அன்று அவனுடைய உடலிற் செலுத்தப்பட்டது. ஊசியை ஏற்றியவர் பான்ரிங்கும் அல்லர், பெஸ்ற்றும் அல்லர். அவ்விடுதியிற் கடமையில் இருந்த இளம் உறைவிட மருத்துவர் ஒருவரே அதனைச் செய்தார். நோயாளியின் இரத்தத்திற் சர்க்கரையின் அளவு 440 இலிருந்து 320 மில்லிகிராமாகக் குறைந்தது. ஊசி ஏற்றிய இடத்திற் கட்டி ஒன்றும் உண்டாயிற்று. முதல் முயற்சி வெற்றி என்று சொல்லத்தக்கதன்று. ஜேம்ஸ் கொலிப் என்னும் இரசாயன அறிஞர் சாற்றைத் தூய்மைப்படுத்திக் கொடுத்த பின்னர், ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் மருந்து செலுத்தப்பட்டது. ஒரே நாளில் 520 ஆக இருந்த அளவு 120 ஆயிற்று. சிறுவன் எழுந்தான், பின்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

அன்று ஊசியைப் பிடித்த கை உறைவிட மருத்துவர் ஒருவரின் கையாக இருந்தது தற்செயல் அன்று. அதற்கு 30 ஆண்டுகளுக்கு மேலான ஆயத்தம் ஒன்று இருந்தது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பால்ரிமோர் நகரில் 1889ஆம் ஆண்டில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், அந்நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற பலர் நோயாளி ஒருவரையேனும் நெருங்கிப் பார்க்காமலே தொழிலைத் தொடங்கினர். விரிவுரைகளைக் கேட்டுப் பரீட்சை எழுதினாற் போதும் என்ற நிலை இருந்தது. ஹொப்கின்ஸின் மருத்துவப் பகுதிக்குத் தலைவராக வந்த வில்லியம் ஒஸ்லர் அந்த நிலையை மாற்ற முனைந்தார். பட்டம் பெற்ற இளைஞர்களை வைத்தியசாலையிலேயே தங்கச் செய்து, பல ஆண்டுகள் படிப்படியாகப் பொறுப்பைக் கூட்டி, இறுதியிற் பிரதான உறைவிட மருத்துவராக உயர்த்தும் முறையை அங்கே நிலைநாட்டினார். சத்திர சிகிச்சைப் பகுதியில் வில்லியம் ஹால்ஸ்ரெட் இதே முறையை மேலும் கடுமையாகக் கைக்கொண்டார். ஜேர்மனியப் பல்கலைக்கழக வைத்தியசாலைகளின் வழக்கத்தை இவ்விருவரும் கண்டறிந்து வந்து தம் நாட்டுக்கேற்பத் திருத்தி அமைத்தனர். சம்பளம் மிகச் சொற்பம்; ஓய்வு அதனினும் சொற்பம். ஆயினும், நோயாளியின் அருகே நிற்கும் நேரத்துக்குக் குறைவில்லை.

நோயாளியின் கட்டிலைச் சூழ்ந்து நின்று, கண்ணாற் கண்டதையும் கையால் உணர்ந்ததையும் முதலிற் சொல்ல வேண்டும் என்பது ஒஸ்லரின் முறை. நூலிற் படித்ததை அதன் பின்னரே சொல்லலாம். 1892ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்ட மருத்துவப் பெருநூல் நெடுங்காலம் ஆங்கில மருத்துவ உலகை ஆண்டது. ஆயினும், மாணவருக்கு நோயாளர் விடுதியிற் பாடம் சொன்னதையே தமது பெரும் பணியாக அவர் கருதினார்.

சுரப்பி நோய்களைப் பொறுத்தவரையில் இத்தகைய பயிற்சி ஏன் இன்றியமையாததாயிற்று என்பதைச் சிறிது விளக்க வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பி போன்றவை தம் நீரைக் குழாய் வழியே குறித்த ஓரிடத்திற் கொண்டு சேர்க்கின்றன. கழுத்திலுள்ள தைரொயிட், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அதிரினல், சதையியினுள்ளே தீவுகள் போற் சிதறிக் கிடக்கும் கலக்கூட்டங்கள் ஆகியனவற்றுக்குக் குழாய் இல்லை. அவை தம் சுரப்பை நேரே இரத்தத்தில் விடுகின்றன. இரத்தம் செல்லும் இடமெல்லாம் அச்சுரப்பும் செல்கின்றது. ஆதலால், இவற்றிற் பழுது ஏற்படின் நோய் ஓரிடத்தில் நில்லாது உடலெங்கும் தோன்றும். தைரொயிட் சோர்ந்தவர் மலச்சிக்கல் என்று வருவார், உடல் குளிர்கின்றது என்பார், குரல் கரகரத்திருக்கும், முகம் ஊதியிருக்கும். ஒவ்வொரு குறியையும் தனித்தனியே பார்க்கும் மருத்துவருக்கு நோய் தெரியாது. முழு மனிதரையும் ஒருங்கே பார்க்கப் பழகியவருக்கே அது புலப்படும்.

19ஆம் நூற்றாண்டில் இந்நோய்களை முதன்முதல் இனங்கண்டோர் யாவரும் இவ்வாறு உற்று நோக்கியவர்களே. லண்டன் மாநகரின் கைஸ் வைத்தியசாலையிற் பணிபுரிந்த தோமஸ் அடிசன், தோல் கறுத்து, வலிமை குன்றி, படிப்படியாக மாய்ந்த நோயாளர்களைக் கவனித்து, அவர்களின் அதிரினற் சுரப்பிகள் சிதைந்திருந்ததை 1855ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1889இல், ஒஸ்லர் பால்ரிமோருக்கு வந்த அதே ஆண்டில், ஸ்றாஸ்பேர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்னும் இருவர் நாய் ஒன்றின் சதையியை அகற்றி, அதற்கு நீரிழிவு உண்டாவதைக் கண்டனர். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் மறே என்னும் 26 வயது மருத்துவர், செம்மறியாட்டின் தைரொயிட் சாற்றை 46 வயதுடைய பெண்மணி ஒருவருக்கு ஊசிமூலம் செலுத்தினார். அப்பெண்மணி மேலும் 28 ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். 1901இல் ஹொப்கின்ஸைச் சேர்ந்த யூஜீன் ஓப்பி, நீரிழிவால் இறந்தோரின் சதையியில் அத்தீவுக் கலங்கள் சிதைந்திருத்தலை நுணுக்குக்காட்டியிற் கண்டார். 1905இல் ஏர்ணெஸ்ற் ஸ்ராளிங், தூண்டுவது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஓமோன்’ என்னும் பெயரை இச்சுரப்புகளுக்கு வழங்கினார்.

ஹால்ஸ்ரெட்டிடம் உறைவிட மருத்துவராகப் பயின்ற ஹார்வி குஷிங் இவ்வழியில் வந்தவரே. மூளைச் சத்திர சிகிச்சையிற் பெயர் பெற்ற இவர், 1912ஆம் ஆண்டில் கபச்சுரப்பியைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதினார். அதிலே, முகம் உருண்டு, உடல் பருத்து, கைகால்கள் மெலிந்த ஓர் இளம் பெண்ணின் நோயைப் புகைப்படத்தோடு பதிவு செய்தார். அந்நோயின் காரணம் அவருக்கு அன்று தெளிவாகவில்லை. 20 ஆண்டுகள் காத்திருந்து, அதே உருவமுடைய 12 நோயாளர்களின் வரலாறுகளைச் சேர்த்து, 1932இல் கபச்சுரப்பியில் எழும் சிறு கட்டியே காரணம் என்று எழுதினார். அந்நோய் இன்று அவர் பெயராலேயே அறியப்படுகின்றது. படுக்கையருகே எழுதி வைக்கும் குறிப்பு எத்தனை ஆண்டுகள் கழித்துப் பயன்தரக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

இனி நீரிழிவுக்கு வருவோம். சிறுநீர் தேன்போல் இனிக்கும் நோயைப் பண்டைய இந்திய மருத்துவர் அறிந்திருந்தனர். மதுமேகம் என்ற வடமொழிப் பெயரும் அதனாலேயே எழுந்தது. ஐரோப்பாவிலே தோமஸ் வில்லிஸ் 17ஆம் நூற்றாண்டில் அவ்வினிமையை மீண்டும் எடுத்துரைத்தார். பெயர் தெரிந்திருந்தும் நோய்க்கு மருந்து இல்லை. இன்சுலினுக்கு முந்திய ஆண்டுகளில் அமெரிக்காவிற் பெரிதும் கையாளப்பட்டது பிரெடெறிக் அலன் வகுத்த உண்ணாநோன்பு முறையாகும். சிறுநீரிற் சர்க்கரை மறையும்வரை நோயாளியைப் பட்டினி கிடக்கச் செய்து, பின்னர் உயிர் தங்குமளவுக்கு மட்டும் உணவு கொடுப்பர். குழந்தைகள் எலும்புந் தோலுமாயினர். சிலர் நோயால் இறந்தனர். சிலர் பட்டினியால் இறந்தனர். எனினும், அவ்வழியிற் சில மாதங்களோ ஆண்டுகளோ உயிரை நீட்டிப் பிடித்துக்கொண்டவருட் சிலருக்கு இன்சுலின் வந்து சேர்ந்தது.

அக்காலத்து உறைவிட மருத்துவரின் வேலை, அளப்பதும் எழுதுவதுமே. உணவை நிறுத்தல், சிறுநீரைச் சேர்த்தல், சோதித்தல், நோயாளியின் நிறையைக் குறித்தல் ஆகியனவே நாடோறும் நடந்தன. விடுதிக்குப் பக்கத்தில் இருந்த சிற்றறையிலே பெனடிக்ற் கரைசல் என்னும் நீல நீரிற் சில துளி சிறுநீரை விட்டுக் காய்ச்சுவர். சர்க்கரை இல்லையேல் நீலம் நீலமாகவே இருக்கும். சிறிது இருப்பிற் பச்சையாகும், பின்னர் மஞ்சளாகும், மிகுந்திருப்பிற் செங்கல் நிறம் பெறும். மாற்ற இயலாத நோயையே அவர்கள் இவ்வளவு கவனமாக அளந்துகொண்டிருந்தனர். அளக்கும் பழக்கம் அவ்வாறு முன்னரே ஊறிப்போயிருந்தமையால், மாற்றவல்ல மருந்து கைக்கு வந்த நாளில் அதனைக் கையாளச் சிலரேனும் ஆயத்தமாக இருந்தனர்.

அச்சிலருள் தலையாயவர் பொஸ்டன் நகரின் எலியட் ஜொஸ்லின். 1895இல் ஹார்வட் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற அவர், தம்மிடம் வந்த நீரிழிவு நோயாளர் ஒவ்வொருவரின் வரலாற்றையும் பேரேட்டில் எழுதி வந்தார். 1916இல் மருத்துவர்களுக்கு நீரிழிவுச் சிகிச்சை பற்றி ஒரு நூலும், 1918இல் மருத்துவரும் நோயாளியும் ஒருங்கே படிக்கத்தக்க கைந்நூல் ஒன்றும் வெளியிட்டார். 1922ஆம் ஆண்டு ஓகஸ்ற் 7ஆம் நாள் அவர் முதன்முறையாக இன்சுலினை நோயாளி ஒருவருக்குச் செலுத்தினார்.

மருந்து வந்ததும் துன்பம் நீங்கியது என்று எண்ணுதல் தவறு. மருந்து புதிய ஆபத்தையும் உடன்கொணர்ந்தது. அளவு குறைந்தால் நோயாளி நீரிழிவு மயக்கத்தில் ஆழ்வார். அளவு மிகுந்தால் இரத்தத்திற் சர்க்கரை வீழ்ந்து, வியர்த்து, நடுங்கி, அறிவு கலங்கி, வலிப்புக்கண்டு இறக்கவுங்கூடும். இருவகை மயக்கத்துக்கும் மருத்துவம் நேரெதிரானது. ஒருவருக்கு உடனே இன்சுலின் வேண்டும். மற்றவருக்கு உடனே சர்க்கரை வேண்டும். நள்ளிரவில் உறவினர் தூக்கிக்கொண்டு வரும் நோயாளி எவ்வகையைச் சேர்ந்தவர் என்று சில நிமிடங்களிலே தீர்மானிக்க வேண்டியவர், வாயிலிற் கடமையிலிருக்கும் உறைவிட மருத்துவர். மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வருகின்றதா, குஸ்மௌல் என்னும் ஜேர்மனிய அறிஞர் 1874இல் விவரித்த ஆழ்ந்த மூச்சு வாங்குகின்றதா, தோல் வறண்டிருக்கின்றதா, வியர்வையால் நனைந்திருக்கின்றதா என்று அவர் பார்த்தறிய வேண்டும். இதனைப் பேராசிரியர் விரிவுரையிற் சொல்லலாம். கண்டறியும் துணிவு, முன்னர் பலமுறை கண்ட ஒருவரோடு சேர்ந்து நின்று பார்த்தாலன்றி வாராது.

ஜொஸ்லினின் பெருமை இதனை உணர்ந்தமையில் உள்ளது. நியூ இங்கிலன்ட் டீக்கனஸ் வைத்தியசாலையில் அவரும் அவருடைய துணைவர்களும் நீரிழிவு மயக்கத்தை, வீடு தீப்பற்றியதற்கு ஒப்பான அவசரமாகக் கருதினர். நோயாளி வந்த கணமே மருத்துவர், தாதி, சோதனைக்கூடத்தார் யாவரும் விழித்தெழ வேண்டும். மணிக்கொரு முறை சோதனை, சோதனைக்கேற்ப இன்சுலின், நாளத்தின் வழியே உப்புநீர். இன்சுலினுக்கு முந்திய காலத்தில் ஜொஸ்லினின் நோயாளருள் இறந்தவர்களில் அறுபது வீதத்துக்கு மேற்பட்டோர் இம்மயக்கத்தாலேயே இறந்தனர். பிற்காலத்தில் அவ்வீதம் மிகச் சிறியதாயிற்று. மருந்தோடு பழகிய கைகளும் சேர்ந்தே அந்த மாற்றத்தை உண்டாக்கின. 1924இல் அவரோடு சேர்ந்த பிறிசிலா வைற் என்னும் பெண் மருத்துவர், நீரிழிவுடைய கருவுற்ற தாய்மாரைப் பேணும் முறையைத் தம் வாழ்நாட்பணியாக வளர்த்தார். தாதியர்க்கும் ஜொஸ்லின் தனிப்பயிற்சி அளித்தார். நோயாளியின் வீட்டுக்கே சென்று கற்பிக்க அவர்களை அனுப்பினார்.

கற்பவர் ஒருவரே நோயாளியாகவும் இருந்த நிகழ்ச்சி லண்டனில் நேர்ந்தது. கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் இளம் மருத்துவராகச் சத்திர சிகிச்சை பயின்ற றொபின் லோறன்ஸ், 1920இல் எலும்பைச் செதுக்கிப் பழகுகையிற் சிறு துண்டொன்று கண்ணிற் பட்டுக் காயமுற்றார். அதன் சிகிச்சைக்காகப் படுத்திருந்த வேளையிலேயே அவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. வாழ்நாள் இனிச் சொற்பமே என்று கருதி, தாய்க்குத் துயர் தராத தொலைவில் இறக்க எண்ணி, இத்தாலியின் புளோறன்ஸ் நகருக்குச் சென்றார். 1923இல் தம் பழைய வைத்தியசாலையின் நண்பர் ஒருவரிடமிருந்து, இன்சுலின் கிடைத்துள்ளது, விரைந்து வருக என்ற செய்தி எட்டியது. கால்கள் தளர்ந்த நிலையிலும் மோட்டார் வண்டியிற் பயணஞ்செய்து லண்டன் வந்து, மே 31ஆம் நாள் முதல் ஊசியைப் பெற்றார். பின்னர் 45 ஆண்டுகள் வாழ்ந்தார். அதே வைத்தியசாலையில் நீரிழிவுப் பகுதியை வளர்த்தார். 1934இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸோடு சேர்ந்து நீரிழிவாளர் சங்கத்தை நிறுவினார். அவரிடம் பயின்ற இளைஞர்கள் ஆசிரியரையே நோயாளியாகவும் கண்டனர். நீரிழிவாளர் ஊசியை ஏந்திக்கொண்டே முழு வாழ்க்கை வாழ முடியும் என்பதற்கு அவர்களுக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

ஏனைய சுரப்பிகளைப் பொறுத்தவரையில், பொஸ்டனிலுள்ள மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையின் நான்காம் விடுதி புகழ் பெற்றது. 1925இல் திறக்கப்பட்ட அவ்விடுதியிற் பத்துக் கட்டில்களே இருந்தன. உடலினுட் செல்லும் சுண்ணாம்புச் சத்தையும் வெளியேறும் சுண்ணாம்புச் சத்தையும் துளி தவறாது அளக்கும் ஆய்வுகள் அங்கே நடந்தன. கப்பல் தலைவர் ஒருவர் அவ்விடுதியில் நோயாளியாக இருந்தார். கழுத்திலுள்ள பரா தைரொயிட் சுரப்பி அளவுமீறி இயங்கியதால் அவருடைய எலும்புகள் கரைந்தன. உயரம் ஏழு அங்குலம் குறைந்தது. ஆறு முறை அறுத்துப் பார்த்தும் பழுதுற்ற சுரப்பி அகப்படவில்லை. ஒலிவர் கோப் என்னும் இளம் அறுவை மருத்துவர், பிரேத பரிசோதனை அறையிற் பல நாட்கள் அச்சிறு சுரப்பிகளைத் தேடித் தேடிப் பழகிக்கொண்டார். 1932இல் நிகழ்ந்த ஏழாம் அறுவையிற் சுரப்பி, கழுத்தில் இல்லாது மார்புக்குழியினுள் மறைந்து கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் சிறுநீரகம் கெட்டிருந்தமையால் அம்மனிதர் சில வாரங்களில் இறந்தார். அவருடைய பொறுமையாற் கற்ற பாடம் பின்வந்த நோயாளர்களைக் காத்தது.

அவ்விடுதியின் ஆசிரியராய் விளங்கியவர் புல்லர் ஓல்பிறைற். நடுக்குவாதம் இளமையிலேயே அவரைப் பற்றிக்கொண்டது. கை எழுத இயலாது நடுங்கியது. ஆயினும், அவரிடம் பயில நாடெங்கிலுமிருந்து இளைஞர் வந்தனர். நோயை ஆராய்பவரும் நோயாளியைப் பேணுபவரும் ஒருவராகவே இருக்க முயல்வது, இரண்டு குதிரைகளின் மேல் ஒரே வேளையில் ஏறிச் செல்வதற்கு ஒப்பானது என்று அவர் சித்திரித்தார். அவ்வருமையான செயலையே அவர் தம் மாணவர்க்குக் கற்பித்தார்.

கண்ணால் நோயறிந்த காலத்திலிருந்து எண்ணால் நோயறியும் காலத்துக்கு இத்துறையைக் கொண்டு சென்றவர்களுள் ஒருவரும் உறைவிடப் பயிற்சியிலிருந்து வந்தவரே. நியூயோர்க் மாநகரின் பிறொங்ஸ் பகுதியில் உள்ள முன்னாட் படையினர் வைத்தியசாலையிற் பயிற்சியை முடித்த சொலமன் பேர்சன், 1950இல் அங்கிருந்த றொசலின் யலோ என்னும் பெளதிக அறிஞரோடு இணைந்தார். இன்சுலின் பெற்றுவரும் நோயாளரின் இரத்தத்தில் இன்சுலினைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் உண்டாவதை அவர்கள் கண்டனர். முதலில் அதனை ஏற்க அறிஞர் மறுத்தனர். அவ்வெதிர்ப்பொருளையும் கதிரியக்கம் ஊட்டிய இன்சுலினையும் பயன்படுத்தி, இரத்தத்திலுள்ள மிகமிக நுண்ணிய அளவு ஓமோனையும் அளக்கும் முறையை 1960ஆம் ஆண்டளவில் அமைத்தனர். அதற்கு உரிமைப்பத்திரம் பெற அவர்கள் விரும்பவில்லை. 1977இல் யலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பேர்சன் 1972இலேயே இறந்துவிட்டார். அன்றுமுதல், முகத்தைப் பார்த்து ஐயுற்றதை அளந்து உறுதிசெய்ய முடிந்தது. ஆனால் ஐயுறத் தெரியாதவருக்கு அளவுகோலும் உதவாது. எதனை அளப்பது என்று அவர் அறியார்.

பயிற்சியின் குறைவால் உயிர் போன நிகழ்ச்சிகளும் இவ்வரலாற்றில் உண்டு. நீரிழிவு மயக்கத்துக்கு இன்சுலினும் உப்புநீரும் ஏராளமாகக் கொடுக்கையிற் சிலர் தேறிவரும் வேளையில் திடீரெனத் தசை செயலற்று மூச்சு நின்று மாண்டனர். இரத்தத்திற் பொற்றாசியம் வீழ்ந்துவிடுவதே காரணம் என்பது 1946ஆம் ஆண்டளவிலேயே தெளிவாயிற்று. 1948இல் மேயோ வைத்தியசாலையில் கோட்டிசோன் மருந்து முடக்குவாதத்துக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது உலகம் வியந்தது. சில ஆண்டுகளில், நெடுநாள் அம்மருந்தை உட்கொண்டவர்களின் அதிரினற் சுரப்பிகள் உறங்கிவிடுவதும், மருந்தைத் திடீரென நிறுத்தியபின் சத்திர சிகிச்சைக்கு உட்படுவோர் உயிரிழக்கக்கூடும் என்பதும் தெரியவந்தன. அடிசன் இயற்கையிற் கண்ட நோயை மருத்துவரே உண்டாக்கிவிட முடியும் என்ற இந்தப் பாடம், ஒவ்வொரு புதிய உறைவிட மருத்துவருக்கும் இன்றும் புதிதாகச் சொல்லப்பட வேண்டியதாகும்.

நூலை நம்பாது மூத்தவரைப் பார்த்துப் பழகும் முறைக்கு ஒரு குறையும் உண்டு. மூத்தவரின் அறிவோடு அவருடைய பிழையும் இளையவரிடம் சென்று சேர்ந்துவிடும். சிறுநீரிற் சர்க்கரையைச் சோதித்த காலத்திலே, சோதனையின் நிறத்துக்கேற்ப இன்சுலினைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் அட்டவணை ஒன்று வழக்கில் வந்தது. சர்க்கரை ஏறிய பின்னரே அதனைத் துரத்திப் பிடிக்கும் முறை இது. இரத்தத்தை நொடியில் அளக்கும் கருவிகள் வந்த பின்னும், வைத்தியசாலைகளில் இரவுக்கடமை மருத்துவர்கள் அட்டவணையையே எழுதி வந்தனர். ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதினார். 2007ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட, முன்னர் இன்சுலின் பெறாத 130 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். நாளுக்கொருமுறை அடிப்படை இன்சுலினும் உணவுதோறும் சிற்றளவும் முன்கூட்டியே பெற்றவர்களில் 66 வீதத்தினர் குறித்த இலக்கை எட்டினர். அட்டவணைப்படி பெற்றவர்களில் 38 வீதத்தினரே எட்டினர். நெடுங்காலப் பழக்கம் ஒன்றைக் கைவிடுவதற்கும் பயிற்சியே வேண்டும் என்பதை இது புலப்படுத்திற்று.

இன்னொரு குறை, பயிற்சி நடைபெறும் இடத்தைச் சார்ந்தது. உறைவிட மருத்துவர் நோயாளர் விடுதியிற் பயில்கின்றார். நீரிழிவோ வீட்டில் வாழ்கின்றது. அடுக்களையிலும் வயலிலும் கந்தோரிலும் வாழ்கின்றது. மயக்கமுற்று வருவோரையும், கால் அழுகி வருவோரையும் மாத்திரம் கண்ட மருத்துவர், அந்நிலை வாராமற் காக்கும் கலையைக் கற்றவராகார். 1993இல் முடிவு வெளியிடப்பட்ட பெரும் ஆய்வு ஒன்று இதனை எண்களால் நிறுவியது. இன்சுலினை முற்றாகச் சார்ந்து வாழும் 1441 பேரைக் கொண்டு வட அமெரிக்காவில் நடத்தப்பட்ட அவ்வாய்வில், இரத்தச் சர்க்கரையை இறுக்கமாகப் பேணியோருக்குக் கண்ணின் விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பு 76 வீதத்தாற் குறைந்தது. அதே வேளையில், கடுமையான சர்க்கரைத் தாழ்வு ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. ஆகவே, பேணுதலும் அறிவோடு செய்யப்படவேண்டிய கலையே. நோயாளியின் வீட்டுக்குத் தாதியை அனுப்பிய ஜொஸ்லின் இதனை எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தார்.

அமெரிக்காவிலே 1972 முதல் சுரப்பி மருத்துவத்துக்கெனத் தனித்தேர்வு நடத்தப்படுகின்றது. பொது மருத்துவத்தில் மூன்று ஆண்டுகள் உறைவிடப் பயிற்சி பெற்றபின், இத்துறையில் மேலும் இரு ஆண்டுகள் அல்லது அதற்கு மேலாகப் பயின்றோரே அங்கே நிபுணராகின்றனர். அத்தகையோரின் தொகை எங்கும் சிறியதே. நீரிழிவாளரின் தொகையோ, 2021ஆம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி, வளர்ந்தோரில் மாத்திரம் 53 கோடியே 70 இலட்சம். தென்னாசிய மக்களை இந்நோய் ஏனையோரினும் இளவயதிலே, மெலிந்த உடலிலும் பற்றுகின்றது. இத்தனை பேரையும் நிபுணர் காண்பது இயலாத காரியம். ஆகவே, மகப்பேற்று விடுதியிலாயினும் எலும்பு முறிவு விடுதியிலாயினும் இரவுக்கடமையில் நிற்கும் ஒவ்வொரு மருத்துவரும் நீரிழிவை அறிந்தவராக இருத்தல் வேண்டும். சோர்வு என்று வருபவரிடத்தே தைரொயிட்டை நினைக்கவும், காரணமின்றி இரத்த அழுத்தம் வீழ்ந்தவரிடத்தே அதிரினலை நினைக்கவும் அவர் பழகியிருத்தல் வேண்டும்.

ரொறன்ரோவில் வடிக்கப்பட்ட சாறு ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. அன்று கலங்கிய நீராக இருந்தது, இன்று தெளிந்த மருந்தாகச் சிறு பேனாக்களில் அடைக்கப்பட்டு உலகெங்கும் செல்கின்றது. எத்தனை தெளிவுற்றாலும், மருந்து தானே தன் அளவை அறியாது. தன்னை எப்போது தரவேண்டும் என்பதையும் அறியாது. அதனை அறிந்த மூத்தவர் ஒருவர், அறியாத இளையவரைப் படுக்கையருகே அழைத்து, பார், தொடு, அளந்து எழுது என்று சொல்லுமிடத்திலேதான் மருந்து உயிர் காக்கும் வல்லமை பெறுகின்றது. அந்தப் பள்ளியை நன்கு நடத்தும் நாடு, தன் மக்களின் ஆயுளை நீட்டிக்கொள்ளும்.